கொல்லைத் தோட்டமும் ஐந்தாம் கற்பனையும்



சென்ற சில வாரங்களாக இப்பக்கத்தில் பத்துக் கற்பனைகளை ஒவ்வொன்றாகப் படித்து வருகிறோம். இன்று ஐந்தாம் கற்பனை. "கொலை செய்யலாகாது என்பதை எங்களுக்கு எதற்குச் சொல்ல வேண்டும், சாமி? நாங்கள் யார்மேல் கத்தி எடுத்தோம்?" என்று உங்களில் சிலர் கேட்பது என் காதில் விழுகிறது. ஆகையால் கத்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இன்று கத்தரிக்காயை எடுத்துக்கொள்வோம். ஆடி மாதமும் நெருங்கி வருகிறது. ஆடிப் பட்டம் தேடி விதை என்று நம் முன்னோர் சொல்லியிருக்கிறார்கள். ஞானோபதேசமும் விதைப்பும் ஒரே பாடத்தில் அடங்குமா என்று ஐயுறாதீர்கள். அடங்கும் என்பதை நான் என் சொந்தக் குற்றத்தினால் கற்றுக்கொண்டேன்.

என் குற்றம்

சில ஆண்டுகளுக்கு முன் சாமியார் பங்களாவின் கொல்லையில் பத்துப் பன்னிரண்டு கத்தரிச் செடிகள் வைத்திருந்தேன். செழித்து வளர்ந்து காய்க்கத் தொடங்கிய சமயத்தில் புழு விழுந்தது. பறித்த காயில் பாதிக்கு மேல் சொத்தை. எரிச்சலுற்று, டவுனுக்குப் போனபோது ஒரு கடையில் சிறு புட்டி மருந்து வாங்கி வந்து, ஒரு மாலையில் செடிகள் நனைய அடித்தேன். மூன்றாம் நாள் காலையில் காய்கள் பளபளவென்று தொங்கின. அடுத்த தெருவில் ஒரு வீட்டில் மகள் பிரசவித்து இருபது நாள் ஆகியிருந்தது. பத்தியக் குழம்புக்குப் பிஞ்சுக் கத்தரிக்காய் ஆகும் என்று எண்ணி, ஒரு கூடை நிறையப் பறித்து அனுப்பிவைத்தேன். நல்ல காரியம் செய்தோம் என்ற சந்தோஷம் வேறு.

பகல் பதினொரு மணிக்கு நம் சமையல்காரப் பெரியவர் வந்து, "சாமி, மருந்தடிச்சு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார். அப்போதுதான் புட்டியை எடுத்து வாசித்தேன். அதன்மேல் மஞ்சள் முக்கோணம் இருந்தது. அடித்தபின் குறித்த நாட்கள் கழியாமல் காய் பறிக்கலாகாது என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்தது. அந்த நாட்கள் கழியவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. தாயார் என்னைக் கண்டு எழுந்து நின்று, "சாமி குடுத்த காய்தானேன்னு கழுவக்கூட இல்லீங்க சாமி" என்றார்கள்.

குழம்பைக் கொட்டச் செய்தோம். ஒருவருக்கும் ஒரு தீங்கும் நேரவில்லை, சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் அந்த அம்மாள் சொன்ன வார்த்தை இன்றுவரை என் மனதைவிட்டு நீங்கவில்லை. என்னை நம்பினதினாலேயே அவர்கள் கழுவாமல் சமைத்தார்கள். பால் கொடுக்கும் தாய்க்கு நான் என் கையாலேயே விஷம் அனுப்பியிருந்தேன். கோபத்தினாலன்று, பகையினாலன்று, வாசிக்கச் சோம்பலாயிருந்ததினால். அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் அதை ஐந்தாம் கற்பனைக்கு விரோதமான குற்றமாகவே சொன்னேன்.

மருந்தா, விஷமா?

நம் பாஷையில் ஒரு விபரீதம் நுழைந்திருக்கிறது. பூச்சியைக் கொல்லும் விஷத்துக்கு 'மருந்து' என்று பேர் வைத்திருக்கிறோம். நோயாளிக்குக் கொடுப்பதும் மருந்து, வயலில் அடிப்பதும் மருந்து. பேர் நல்லதாயிருப்பதால் பயம் போய்விட்டது. உண்மையில் இவற்றில் அநேகம், பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்பவை. மனிதனுக்கும் நரம்பு உண்டு. அளவு பெரிதானால் உடனே தாக்கும்; சிறிது சிறிதாய்ச் சேர்ந்தாலும் தீங்கு விளைவிக்கக்கூடும். புட்டியின்மேல் உள்ள முக்கோணத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்த விஷம். பச்சையும் விஷமே.

இந்த விஷம் மூன்று விதமான அயலாரைத் தொடுகிறது.

முதலாவது, உண்பவனை. பீகார் மாநிலத்துச் சாரண் ஜில்லாவில், கண்டாமன் என்னும் சிற்றூரின் ஆரம்பப் பள்ளியில், 2013-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி மத்தியானச் சாப்பாடு உண்ட குழந்தைகளில் 23 பேர் மாண்டனர். சமைத்த எண்ணெயில் மானோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிவிஷம் கலந்திருந்ததாகப் பரிசோதனையில் தெரியவந்தது. ஆகவே விஷம் இருந்த புட்டியையும் டப்பாவையும் எவ்வளவு கழுவினாலும் வீட்டு உபயோகத்துக்கு எடுக்கவே கூடாது.

இரண்டாவது, அடிப்பவனை. மகாராஷ்டிரத்து யவத்மால் ஜில்லாவில் 2017-ம் ஆண்டு பருத்திக்கு விஷம் தெளித்த விவசாயிகளும் கூலியாட்களும் அதைச் சுவாசித்து நூற்றுக்கணக்கில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அவர்களில் பலர் மாண்டார்கள். முகமூடியும் கையுறையும் இல்லாமல், வெறுங்காலோடு, முதுகில் தெளிப்பானைச் சுமந்து போகும் ஏழை நம் ஊரிலும் இருக்கிறான்.

மூன்றாவது, பக்கத்தில் குடியிருப்பவனை. கேரளத்துக் காசர்கோடு ஜில்லாவில் முந்திரித் தோட்டங்களின்மேல் எண்டோசல்பான் என்னும் விஷத்தை ஹெலிகாப்டரிலிருந்து இருபது வருஷங்களுக்கு மேலாகத் தெளித்தார்கள். கிணற்றிலும் ஓடையிலும் கூரையிலும் அது விழுந்தது. சுப்ரீம் கோர்ட்டு 2011-ல் அவ்விஷத்தை நாடு முழுவதும் தடுத்தது. துன்புற்றவர்களுக்கு ஆளுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வீதம் கொடுக்கும்படி 2017-ல் கேரள அரசாங்கத்துக்கு உத்தரவிட்டது. பணம் கிடைத்தது, பிறவியிலேயே நடக்கவும் பேசவும் இயலாத பிள்ளைகளைத் தூக்கிச் சுமக்கும் தாய்மாரின் பாரம் இறங்கவில்லை.

குற்றம் யாருடையது?

இதைக் கேட்டவுடனே சம்சாரிகளைக் குற்றம் சாட்டிவிட வேண்டாம். "இந்தப் பாத்தி வீட்டுக்கு, அந்தப் பாத்தி சந்தைக்கு, வீட்டுப் பாத்திக்கு மருந்தடிக்க மாட்டோம்" என்று சொல்கிறவர்களை நான் கண்டதுண்டு. கேட்கக் கசப்பான வார்த்தைதான். தன் பிள்ளையின் தட்டில் வைக்க மனம் வராததைப் பிறத்தியார் பிள்ளையின் தட்டில் வைப்பது பிறர்சிநேகத்துக்கு நேர் விரோதம். ஆனால் அவன் கடன் வாங்கிப் பயிரிட்டவன். சந்தைக்குக் கொண்டுபோன மூட்டையில் நாலு சொத்தை தெரிந்தால் வியாபாரி விலையைப் பாதியாக்குகிறான். வியாபாரி ஏன் அப்படிச் செய்கிறான்? நாம் கூடையில் கையைவிட்டுப் புரட்டிப் புரட்டி, ஒரு சிறு துளையுள்ள காயைக்கூட ஒதுக்கித் தள்ளுகிறோமே, அதனால்தான். புழு தொடாத காய் வேண்டும் என்று கேட்பவர் நாம்; புழு தொடாதபடி செய்பவன் அவன். பிறர் பாவத்துக்கு ஏவுதலாலும், சம்மதத்தாலும், அதன் லாபத்தில் பங்குகொள்வதாலும் நாமும் உடந்தையாகலாம் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். அந்தப் பாடம் சந்தைக் கூடைக்கும் செல்லும்.

மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ், 2015-ம் ஆண்டு மே 24-ந் தேதி கையெழுத்திட்ட 'லவுதாத்தோ சி' என்னும் நிருபத்தில் இதையே விரிவாக உபதேசித்தார். பூமியின் கூக்குரலும் ஏழைகளின் கூக்குரலும் வேறுவேறல்ல என்பது அவர் போதனையின் சாரம். மண்ணைக் கெடுத்தால் முதலில் அழுபவன் ஏழை.

சர்வேசுரன் வைத்த முதல் தோட்டம்

ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். சர்வேசுரன் ஆதாமை உண்டாக்கி, அவனை ஓர் அரண்மனையிலோ கடைவீதியிலோ வைக்கவில்லை, ஒரு தோட்டத்தில் வைத்தார். அங்கே இரண்டு வேலை கொடுத்தார். ஒன்று அதைப் பண்படுத்துதல், மற்றொன்று அதைக் காத்தல். இது பாவம் செய்வதற்கு முன் நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நெற்றி வியர்வை பாவத்தின் தண்டனையாக வந்ததேயன்றி, தோட்டவேலை தண்டனையன்று. அது மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட முதல் உத்தியோகம். இரண்டு வேலையில் முதலாவதை நாம் நன்றாய்க் கற்றுக்கொண்டோம், இரண்டாவதை மறந்தோம். விளைவித்தோம், காக்கவில்லை.

அர்ச். இசிதோர் என்னும் உழவரை நினையுங்கள். ஸ்பெயின் தேசத்து மத்ரித் நகரத்தருகே, பிறத்தியார் நிலத்தில் கூலிக்கு ஏர் பிடித்தவர். தம் ஆகாரத்தை ஏழைகளோடு பங்கிட்டுக்கொண்டவர் என்று அவர் சரித்திரம் சொல்லுகிறது. 1622-ம் ஆண்டு, நம் கடற்கரையில் வேதம் போதித்த அர்ச். சவேரியாருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளிக்கப்பட்ட அதே நாளில், இந்த உழவருக்கும் அப்பட்டம் அளிக்கப்பட்டது. கடல் கடந்து வேதம் போதித்தவரும், ஒரே வயலில் ஏர் ஓட்டியவரும் ஒரே பீடத்தில் ஏறினார்கள்.

அசிசி நகர் அர்ச். பிரான்சிஸ்கு, மடத்துத் தோட்டத்தில் ஒரு பாகத்தைப் பயிரிடாமல் விட்டுவைக்கச் சொன்னாராம். காட்டுப் பூக்களும் பூண்டுகளும் அங்கே வளர்ந்து, காண்பவர் சிருஷ்டிகரை நினைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்தக் காட்டுச் செடிகளில்தான் நன்மை செய்யும் வண்டுகளும் குளவிகளும் தங்கி வளர்கின்றன என்று இன்றைய சாஸ்திரம் கண்டிருக்கிறது.

குளவி சொன்ன பாடம்

சர்வேசுரன் தம் சிருஷ்டியில் எப்படிக் காவல் வைத்திருக்கிறார் என்பதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஓர் அத்தாட்சி உண்டு. மெக்சிகோ முதலிய தேசங்களுக்குரிய பப்பாளி மாவுப்பூச்சி, 2008-ம் ஆண்டு கோயமுத்தூர்ப் பக்கத்தில் காணப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி யாவும் வெள்ளை மாவு படிந்து பாழாயின. விஷத்தை மாற்றி மாற்றி அடித்தார்கள். பூச்சியின் உடல்மேல் மெழுகுப் போர்வை இருந்ததால் விஷம் நன்றாய் உள்ளே செல்லவில்லை. அதைத் தின்னும் நல்ல பூச்சிகளே மாண்டன. 2010-ல் விஞ்ஞானிகள் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து, கண்ணுக்குச் சரியாய்த் தெரியாத ஒரு சின்னஞ்சிறு குளவியைக் கொண்டுவந்து, வளர்த்து, தோட்டங்களில் விட்டார்கள். அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழித்தது. வெகுசீக்கிரத்தில் தொல்லை பெரும்பாலும் அடங்கிற்று. அந்தக் குளவிக்குக் கூலி இல்லை, அது நம் பிள்ளைகளின் தட்டில் எதையும் விட்டுச் செல்லவுமில்லை.

இனி, செய்யும் முறை

தஞ்சைச் சீமையில் இளங்காடு என்னும் ஊரில் பிறந்த நம்மாழ்வார் (1938–2013), சர்க்கார் விவசாய உத்தியோகத்தை விட்டு, ஊர் ஊராக நடந்து, விஷமில்லா விவசாயத்தைச் சொல்லிக்கொடுத்தார். அவரைப் போன்றவர்களும் நம் பாட்டிமாரும் கைக்கொண்டதையே சுருக்கமாய்த் தருகிறேன்.

1. இடம். தினம் ஐந்தாறு மணி நேரம் வெயில் விழும் இடமாயிருக்க வேண்டும். அரை சென்ட், அதாவது ஏறக்குறைய 220 சதுர அடி போதும். பாத்தி மூன்று அல்லது நாலு அடி அகலத்துக்கு மேற்படாதிருந்தால், உள்ளே மிதிக்காமல் இரு பக்கமும் நின்று வேலை செய்யலாம். மிதித்த மண் இறுகிப்போகும். கொல்லை இல்லாதவர்கள் தொட்டியிலும் சாக்கிலும் மொட்டை மாடியில் வைக்கலாம். அடியில் துளை இருக்க வேண்டும். தளம் பாரம் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். விஷமும் பெயிண்டும் இருந்த டப்பாக்கள் ஆகா.

2. குப்பைக் குழி. தோட்டத்துக்கு முன் குழி வேண்டும். மூன்று அடி நீளம், மூன்று அடி அகலம், மூன்று அடி ஆழம். காய்கறித் தோல், டீத்தூள், முட்டை ஓடு இவற்றை ஒரு பங்கு போட்டால், காய்ந்த சருகு மூன்று பங்கு போட்டு மூட வேண்டும். பச்சை அதிகமானால் நாறும். சருகு அதிகமானால் மக்கச் சுணங்கும். பிழிந்த துணியளவு ஈரம் இருக்கட்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை கிளறிவிட்டு, மழை விழாமல் மூடிவைத்தால், ஏறக்குறைய மூன்று மாதத்தில் மண்வாசனையுள்ள கறுத்த உரம் கிடைக்கும். மீனும் இறைச்சியும் போட்டால் நாயும் எலியும் வரும்; தவிர்க்கவும். நம் வீட்டுக் குப்பையில் பெரும்பாகம் மக்கும் குப்பைதான். அதை ஊர்க் குப்பைமேட்டுக்கு அனுப்பினால், காற்றில்லாமல் அழுகி, பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவாகிறது. சருகைக் கொளுத்தினாலோ, புகை பக்கத்து வீட்டு ஆஸ்த்துமாக்காரர் நெஞ்சில் போய்ச் சேர்கிறது. கொளுத்துகிறவர்கள் அவரை நினைத்துக்கொள்ளட்டும்.

3. மண். ஓர் அடி ஆழம் கொத்தி, நன்றாய் மக்கிய எருவைக் கலக்க வேண்டும். பச்சைச் சாணத்தைக் கீரைப்பாத்தியில் போடலாகாது. நோய்க்கிருமிகள் இலையில் ஏறும். ஒரு பிடி நல்ல மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. அவற்றுக்கு உணவு மக்கிய குப்பையே. செடிகளைச் சுற்றி வைக்கோலோ சருகோ பரப்பி மூடாக்குப் போட்டால் ஈரம் நிற்கும், களை குறையும்.

4. விதை. முதல் முறை செய்பவர்கள் கீரையில் ஆரம்பியுங்கள். அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை விதைகளை மணலோடு கலந்து தூவி, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். முளைக்கீரை இருபத்தைந்து முதல் முப்பது நாளில் பறிக்கலாம். ஆடி முதல் நாள் விதைத்தால், ஆகஸ்ட் 15-ந் தேதி மோட்சாரோபன மாதா திருநாளுக்குக் கீரை தயார். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வெண்டை, ஆறு கத்தரி, ஆறு தக்காளி, நாலு மிளகாய் போதும். கத்தரிக்கு இரண்டடி இடைவெளி விடவும். வெண்டை நாற்பத்தைந்து நாளளவில் காய்க்கத் தொடங்கும். வேலியோரம் அவரையும் பீர்க்கும் பாகலும் பந்தலேறட்டும். அவரை, தட்டைப்பயறு போன்றவற்றின் வேரில் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துவைக்கும் நுண்ணுயிர்கள் இருப்பதால் மண் வளமாகும். ஒரு மூலையில் முருங்கை, மறு மூலையில் கறிவேப்பிலை. குளிக்கும் தண்ணீர் ஓடுமிடத்தில் வாழை. ஒரே பாத்தியில் கத்தரிக்குப்பின் தக்காளியும் தக்காளிக்குப்பின் மிளகாயும் வைக்க வேண்டாம். மூன்றும் ஒரே குடும்பம், ஒரே நோய்.

5. பூச்சி. தினம் காலையில் செடிகளோடு கால் மணி நேரம் இருப்பதே முதல் காவல். கத்தரியின் நுனி வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. நுனியைக் கிள்ளி, புழுவோடு அழித்துவிடவும். நான் செய்யத் தவறியது இதுதான். இலையடியில் அசுவினி மொய்த்தால் தண்ணீரைப் பீச்சி உதிர்க்கலாம். பொறிவண்டு தென்பட்டால் அதை விட்டுவிடுங்கள். அசுவினிதான் அதன் ஆகாரம். வெண்டையிலை மஞ்சள் நரம்போடினால் அச்செடியைப் பிடுங்கிவிட வேண்டும். வெள்ளை ஈ அந்நோயைப் பரப்பும். மஞ்சள் தகட்டில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் வெள்ளை ஈ ஒட்டிக்கொள்ளும். இவற்றுக்கும் அடங்காவிட்டால், வேப்பம்பருப்பு 50 கிராம் இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில் அடிக்கவும். வேம்பானாலும் அடித்த காயைக் கழுவியே உபயோகிக்க வேண்டும். புகையிலைக் கஷாயம் வேண்டாம். செடியிலிருந்து எடுத்ததாயினும் நிக்கோட்டின் கொடிய விஷம். இயற்கையானது எல்லாம் தீங்கற்றது என்று எண்ணுவதும் அறியாமையே.

6. ஜாக்கிரதை. தொட்டித் தட்டிலும் வாளியிலும் தண்ணீர் தேங்கவிட்டால் டெங்குக் கொசு பெருகும். வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துவிடுங்கள். மண்வேலையில் காயம்பட்டால் தனுர்வாத ஊசிக்குச் சுணங்காதீர்கள்.

சில சந்தேகங்கள்

"சந்தைக் காய்கறியை இனி வாங்கவே கூடாதா, சாமி?" என்று பயப்பட வேண்டாம். விஷத்துக்குப் பயந்து காய்கறியே உண்ணாதிருப்பது பெரிய கேடு. பழமும் காய்கறியுமாய் ஆளுக்குத் தினம் 400 கிராமாவது உண்ணவேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆலோசனை. நம் வீடுகளில் பல, ஒரு கரண்டிப் பொரியலோடு நிறுத்திக்கொள்கின்றன. வாங்கிய காயை ஓடும் தண்ணீரில் நன்றாய்த் தேய்த்துக் கழுவுங்கள். மேற்பரப்பில் உள்ளதில் ஒரு பாகம் போகும். செடிக்குள் ஊடுருவும் விஷங்கள் கழுவினால் போகா என்பதையும் அறிந்திருங்கள்.

"கீரை சாப்பிட்டால் எல்லா நோயும் தீருமா?" தீராது. முருங்கைக் கீரையிலும் மற்றக் கீரைகளிலும் கண்ணுக்கு வேண்டிய ஏ வைட்டமினாக உடலில் மாறும் சத்து உண்டு. இரும்புச் சத்தும் உண்டு. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மிகவும் வேண்டியவை. ஆனால் வைத்தியர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீரையை நம்புவது விவேகமன்று. சிறுநீரகக் கோளாறுள்ளவர்கள் தங்கள் பத்தியப்படியே நடக்கவேண்டும்.

"அரை சென்ட் தோட்டத்தால் உலகம் மாறிவிடுமா?" ஒரு குடும்பத்தின் முழு உணவும் அதில் விளையாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு பருவம் கத்தரி வளர்த்தவன் சந்தையில் சொத்தைக் காயைக் கண்டால் முகஞ்சுளிக்க மாட்டான். "புழு உண்டது, ஆகையால் நானும் உண்ணலாம்" என்று சொல்லிச் சொத்தையை வெட்டியெறிந்துவிட்டு மிச்சத்தைக் கறி வைப்பான். விஷமில்லாமல் விளைவித்த விவசாயி இரண்டு ரூபாய் கூடக் கேட்டால் பேரம் பேச வெட்கப்படுவான். அந்த மனமாற்றமே முதல் விளைச்சல்; கத்தரிக்காய் அதற்குப் பின்தான்.

வினா விடை

மாலை ஜெபமாலை முடிந்தபின் பெற்றோர் பிள்ளைகளைக் கேட்கத் தக்கவை.

வினா: சர்வேசுரன் ஆதாமுக்குத் தோட்டத்தில் கொடுத்த இரண்டு வேலைகள் எவை?
விடை: அதைப் பண்படுத்துவதும், அதைக் காப்பதும்.

வினா: ஐந்தாம் கற்பனை கொலையை மாத்திரமா விலக்குகிறது?
விடை: அன்று. பிறருடைய ஜீவனுக்கும் தேக சுகத்துக்கும், அஜாக்கிரதையினால்கூட, கேடு செய்வதையும் விலக்குகிறது.

வினா: வயலில் அடிக்கும் விஷம் யார் யாரைத் தொடுகிறது?
விடை: உண்பவனை, அடிப்பவனை, பக்கத்தில் வாழ்பவனை.

வினா: விஷம் அடிப்பவன் மாத்திரம் குற்றவாளியா?
விடை: அன்று. புழு தொடாத காயையே வற்புறுத்திக் கேட்கிற நாமும் அதில் பங்குகொள்கிறோம்.

வினா: பிறத்தியார் தட்டில் எதை வைக்கலாகாது?
விடை: என் வீட்டுத் தட்டில் வைக்க எனக்கு மனம் வராததை.

இம்மாதத் தீர்மானம்

ஒவ்வொரு குடும்பமும் இவ்வாரத்தில் ஒரு குழி வெட்டட்டும். இடமில்லாதவர்கள் மூடியுள்ள ஒரு வாளியை எடுத்துக்கொள்ளட்டும். ஆடி பிறந்ததும் ஒரு பாத்தியோ ஒரு தொட்டியோ விதைக்கட்டும். நீர் ஊற்றும் முறையைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுங்கள். காத்தல் என்ற வேலையை அவர்கள் அங்கே கற்பார்கள். வீட்டில் விஷப் புட்டி இருந்தால் பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டிவையுங்கள்.

ஜெர்மனி, போலந்து முதலான தேசங்களில் மோட்சாரோபன மாதா திருநாளன்று செடிகொடிகளையும் பூக்களையும் கோவிலுக்குக் கொண்டுவந்து மந்திரிக்கும் பழைய வழக்கம் உண்டு. இவ்வருஷம் நாமும் அவ்வாறே செய்வோம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கட்டுக் கீரை, அல்லது கையளவு கறிவேப்பிலை. பூசைக்குப் பின் அவற்றை நம் பங்கிலுள்ள நோயாளிகளின் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். சாமியார் பங்களாக் கொல்லையிலிருந்தும் ஒரு கூடை வரும். அதில் கத்தரிக்காய் இருந்தால், துளையுள்ள காய்களும் அதில் இருக்கும். அவற்றைக் கண்டு யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். அந்தத் துளை, அதில் விஷமில்லை என்பதற்கு நான் வைக்கும் கையெழுத்து என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

உயிர்த்தெழுந்த ஆண்டவரை மரிய மதலேனம்மாள் கல்லறையருகே கண்டபோது, தோட்டக்காரர் என்றே முதலில் நினைத்தாள். அவள் முழுதும் தவறிவிட்டாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தோட்டக்காரரின் கையில் நம் கொல்லைகளையும் நம் பிள்ளைகளின் தட்டுகளையும் ஒப்புவிப்போம்.

உங்கள் பங்குக் குரு.